முதியவர் எதனால் இறந்தார்?

லியோனார்டோ டா வின்சி என்றதும் மாணவர்களுக்கு மோனாலிசா நினைவுக்கு வரும். எனக்கோ அவர் வரைந்த எலும்பும் நரம்பும் இதயமும்தான் பெரிது. உடற்கூற்றியல் நூல் ஒன்றை எழுத எண்ணி, அதற்கு முன்னேற்பாடாக அவர் பேனாவால் வரைந்து குறிப்பெழுதிய தாள்கள் அவை.

1507-08 குளிர்காலம். பிளாரன்ஸ் நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு முதியவர் அவரிடம் பேசினார். தமக்கு நூறு வயதுக்கு மேல் என்றார். தளர்ச்சியைத் தவிர வேறு குறை இல்லை என்றார். சில மணி நேரத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார்.

போன உயிர் என்பது என்ன? ஆன்மாவுக்கு விளக்கம் சொல்லும் வேலையைத் துறவிகளுக்கே விட்டுவிடுவதாக எழுதியவர் லியோனார்டோ. இவ்வளவு இனிய மரணத்துக்கு உடலுக்குள் என்ன காரணம் என்பதே அவர் கேள்வி. அந்த உடலை அறுத்து ஆராய்ந்தார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி வற்றிச் சுருங்கியிருந்தது. ஆரஞ்சுப் பழம் முதிர முதிரத் தோல் தடித்துச் சுளை குறைகிறதல்லவா? முதுமையில் இரத்தக் குழாய்களும் அப்படித்தான் என்று குறித்துவைத்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலையும் ஆராய்ந்தார். அங்கே எல்லாம் நேர்மாறு. இன்று தமனித் தடிப்பு என்று நாம் படிப்பதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. பெயர்கூடத் தெரியாத அந்த முதியவருக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

லியோனார்டோவும் தவறியிருக்கிறார். கருப்பையில் சிசு சுருண்டிருக்கும் அவருடைய புகழ்பெற்ற படத்தைப் பாருங்கள்: சிசு மனிதக் குழந்தை, நச்சுக்கொடியோ பசுவினுடையது! பசுவில் கண்டதை மனிதருக்கும் பொருத்திவிட்டார்.

நம் ஆய்வுக்கூடங்களிலும் இது நடக்கிறது. வெங்காயத் தோலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு, பாடநூலைப் பார்த்து வரைகிறார்கள். அழகான கட்டங்கள், நேர்த்தியான பெயர்கள், முழுப் புள்ளி. இதில் மாணவர்களைவிட, அப்படிப் புள்ளி போடும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்மீதே எனக்கு வருத்தம்.

லியோனார்டோவின் நூல் முடியவேயில்லை. 1519இல் அவர் இறந்தபோதும் அந்தத் தாள்கள் அச்சேறவில்லை. வெசாலியசின் பெரிய உடற்கூற்றியல் நூல் 1543இல் வந்தது. லியோனார்டோவின் படங்களை உலகம் முழுமையாகப் பார்க்க மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின.

அடுத்த முறை நுண்ணோக்கியில் காற்றுக்குமிழ் தெரிந்தால், அதையும் வரையுங்கள். பக்கத்தில் 'இது என்ன?' என்று எழுதுங்கள். என் வகுப்பில் அதற்கும் புள்ளி உண்டு.