யாத்திரை தந்த சொல்
குதிரையின் இலகுவான ஓட்டத்தை ஆங்கிலேயர் 'கன்டர்' என்பர். 1170ஆம் ஆண்டிற் கொலையுண்ட தோமஸ் பெக்கற் அடிகளின் சமாதியைத் தரிசிக்கக் கன்டர்பரிக்குச் சென்ற யாத்திரிகரின் குதிரைகள் அவ்வாறே ஓடினவாம். 'கன்டர்பரி ஓட்டம்' என்ற தொடரே குறுகி இச்சொல்லாயிற்று. இதில் ஐயமில்லை.

வேலையின்றி ஆறுதலாய் உலாவுதல் 'சோண்டர்'. புண்ணிய பூமிக்குப் போவதாகச் சொல்லிப் பிச்சையேற்றுத் திரிந்த சோம்பேறிகளால், அப்பூமியைக் குறிக்கும் 'சாந்த் தேர்' என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து இது பிறந்ததென்று சாமுவேல் ஜோன்சன் தமது 1755ஆம் ஆண்டு அகராதியில் எழுதினார். என்ன அழகான கதை! சொல்லாராய்ச்சியாளரோ இதனை ஏற்பதில்லை. சொல்லின் பிறப்பு இன்றும் தெளிவாகவில்லை. கதையைக் கைவிட நமக்கும் மனமில்லைத்தான். எனினும் மாணவர் இதனைப் பரீட்சை விடைத்தாளில் எழுதாதிருப்பாராக.