ஒரு சின்ன பல்பின் கதை



எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சபாக் பட்டணத்து ஓரத்தில் குடியிருக்கிறார். அவர் வீட்டு முற்றத்தில் ஓர் எம்.ஜி.பி. கார் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரலாம். கூரையை மடித்துவிட்டுக் காற்றாட ஓட்டலாம். 1970-இல் செய்த இங்கிலாந்து வண்டி. கிராணியாரின் தகப்பனார் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது, குறைந்த விலைக்கு அவரிடமே காரைக் கொடுத்துவிட்டுப் போனாராம். தினமும் துடைத்துக் கொடுத்த கார் ஒரு நாள் சொந்தக் காரானதை, அந்தப் பெரியவர் கடைசி வரை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்தக் காரை விற்கப் போவதாகக் கிராணியார் என்னிடம் சொன்னார். காரணம் கேட்டேன்.

"அடிக்கடி பேட்டரி செத்துப் போவுது வாத்தியார். ஆல்டர்னேட்டர் போச்சுன்னு ஒரு பட்டறையில சொன்னாங்க. காசைப் போட்டுப் புதுசு மாத்தினேன். மூணே வாரம், மறுபடியும் அதே கதை. போன வாரம் கோலசிலாங்கூர்ல இருந்து ராத்திரி வர்றேன். செகிஞ்சான் தாண்டினதும் முன் விளக்கு ரெண்டும் மங்கிப் போச்சு. பின்னால லோரி, பக்கத்துல என் வீட்டுக்காரி. ஓரங்கட்டுறதுக்குள்ள உயிர் போயி உயிர் வந்துச்சு. அப்பா கார்தான்; ஆனா உயிரை விடப் பெருசா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் புதிய ஆல்டர்னேட்டர் போட்ட பிறகும் பேட்டரி ஏன் சாக வேண்டும்?

பேட்டரி என்பது வீட்டு உண்டியல் மாதிரி. காரைக் கிளப்பவும் விளக்கு எரியவும் அதிலிருந்து எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்பப் போடுகிற சம்பாத்தியக்காரன்தான் ஆல்டர்னேட்டர். எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் இதையும் சுற்ற வைக்கும், மின்சாரம் பிறக்கும். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின்சாரம் உண்டாகும் என்று 1831-இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் பாரடே. அவர் ஒரு கொல்லனின் மகன். அதிகம் பள்ளிக்கூடம் போகாமல், 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகப் போனவர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.பி. கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்யப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். 1967 வரை வந்த வண்டிகளில் இருந்தது லூக்காஸ் டைனமோ. அது வேகமாகச் சுற்றினால் 22 ஆம்பியர் வரை தரும். வண்டி நெரிசலில் ஊர்ந்தால் ஏறக்குறைய ஒன்றும் தராது. அதற்குப் பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. இது 34 ஆம்பியர் தரும்; எஞ்சின் மெதுவாக ஓடினாலும் பேட்டரிக்குச் சோறு போடும்.

கிராணியார் காருக்கு வைத்தியம் பார்க்க வந்தவன் என் பழைய மாணவன். இப்போது சுங்கை பெசாரில் வயர்மேன் பட்டறை வைத்திருக்கிறான். அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கூச்சம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வந்தவன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினான். எஞ்சினைக் கிளப்பவில்லை. டேஷ்போர்டையே பார்த்தான்.

"சார், சிவப்பு விளக்கு எரியலையே, பார்த்தீங்களா?"

"எரியாவிட்டால் நல்லதுதானே தம்பி?"

"எஞ்சின் ஓடும்போது எரியாம இருந்தா நல்லது சார். இப்ப எரியணும்."

அவன் விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்த வகை ஆல்டர்னேட்டருக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் அது காந்தமாகும். அதை எழுப்பிவிட முதலில் கொஞ்சம் மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். அது வருகிற வழி, அந்தச் சிவப்பு விளக்குதான்! பல்பு பியூஸ் ஆகிவிட்டால் எழுப்ப ஆளில்லை. ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே சுற்றும். எஞ்சினை மிக வேகமாக முடுக்கினால், மிச்சமிருக்கும் கொஞ்சக் காந்தத்தால் சில சமயம் தானே எழுந்துகொள்ளும். அதனால்தான் கிராணியார் காரில் ஒரு நாள் சார்ஜ் ஏறியது, ஒரு நாள் ஏறவில்லை. எச்சரிக்க வேண்டிய விளக்கே செத்துக் கிடந்ததால் ஓட்டுகிறவருக்கும் தெரியவில்லை.

2.2 வாட் பல்பு ஒன்றை மாட்டினான். சாவியைத் திருப்பினான், சிவப்பு எரிந்தது. எஞ்சினைக் கிளப்பினான், அணைந்தது. மீட்டரை பேட்டரியில் வைத்தான், 14.2 வோல்ட் காட்டியது. கிராணியார் பின்பெட்டியில் போட்டு வைத்திருந்த பழைய ஆல்டர்னேட்டரையும் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தான். அதில் ஒரு குறையும் இல்லை. குற்றமில்லாத பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு, சில வெள்ளி பல்புக்காகப் பெரும் பணத்தைக் கொட்டியிருக்கிறோம்!

உண்மையிலேயே மாற்ற வேண்டிய நேரமும் வரும். அதற்கு அவன் சொன்ன முறையைக் குறித்துக்கொண்டேன். பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

முதலில் சோதனை. பெல்ட் தொய்ந்திருக்கிறதா, வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் ஏறவில்லையென்றால்தான் ஆல்டர்னேட்டர் மேல் பழி.

கழற்றும் முன் கை மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் எர்த் வயரை முதலில் எடுத்துவிட வேண்டும். 1974 வரை வந்த எம்.ஜி.பி.யில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இதை மறந்து ஸ்பேனர் போட்டால் தீப்பொறி பறக்கும், வயர் எரியும். பேட்டரிக்குப் பக்கத்தில் சிகரெட்டும் கூடாது.

பிறகு பிளக்கை உருவி, போல்ட்டுகளைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். பெல்ட்டின் நீளமான பக்கத்தை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். தொய்வாக இருந்தால் வழுக்கும். அதிகமாக இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பும் கெடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது சிலருக்குப் பழக்கம். அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் செய்தால் உள்ளே இருக்கும் டையோடுகள் கருகிவிடும்.

1967-க்கு முந்திய வண்டியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பவர்களுக்கு இன்னொரு கவனம். அந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதை நெகட்டிவாக மாற்றி, இக்னிஷன் காயில் வயர்களையும் இடம் மாற்றிய பிறகே மாட்ட வேண்டும். சார்ஜ் வயரும் தடித்ததாக இருக்க வேண்டும்.

எம்.ஜி.பி. நம்மில் யாரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் வீட்டுச் சாகாவிலும் கன்சிலிலும், தோட்டத்து லோரியிலும் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறது. நாளைக் காலை சாவியைத் திருப்பும்போது ஒரு நொடி பாருங்கள். முதலில் எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் இருட்டுவதற்குள் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

இப்போது என் கூச்சத்தைச் சொல்கிறேன். இந்தப் பையன் 4-ஆம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தான். கரும்பலகையில் எழுதினால் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். பால் மரம் வெட்டிவிட்டு வேர்வையோடு பள்ளிக்கு வந்த அவன் தாயாரிடம், "அம்மா, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்னவன் நான். எந்தச் சோதனையும் செய்யாமல் சொன்னேன். எழுத்து அவன் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. பின்னால் இடைநிலைப்பள்ளியில் யாரோ கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகுதான் படித்து, மலேசியத் திறன் சான்றிதழும் வாங்கியிருக்கிறான்.

பல்பை மாட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இனி ராத்திரியிலயும் ஓட்டலாங்க ஐயா" என்று கிராணியாரிடம் சொன்னான். கிராணியார் காரை விற்கவில்லை. நான் இப்போது ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரத்தில், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கடைசி வரிசையில் நிற்க வைத்துக் கரும்பலகையைப் படிக்கச் சொல்கிறேன்.

பெற்றோர்களே, நீங்களும் இன்று மாலை உங்கள் பிள்ளையைத் தூரத்தில் நிறுத்தி நாட்காட்டியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.