ட்ரெமோலோவாம்!

பேரன் தன் எலெக்ட்ரிக் கிதாரின் ட்ரெமோலோவுக்குப் பித்தளைக் கட்டை வாங்கவேண்டுமாம், டோன் மாறிவிடுமாம். முதலில் பெயரே தப்பு. கைப்பிடியை அமுக்கினால் மாறுவது சுருதி, அது விப்ராட்டோ. ஒலியளவு கூடிக் குறைந்தால்தான் ட்ரெமோலோ. எங்கள் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தால் விரல்முட்டியில் ரூல்தடி விழுந்திருக்கும். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு லியோ ஃபெண்டர் விட்ட தப்பு இன்னும் ஓடுகிறது.

அவர் வைத்தது எஃகுக் கட்டை. மலிவுக் கிதார்களில் துத்தநாகக் கலவை வார்ப்பு. மாற்றினால் நாதம் கொஞ்சம் நீளலாம், மறுக்கவில்லை. ஆனால் துருப்பிடித்த தந்தியை ஆறு மாதமாக மாற்றாதவனுக்கு, பிக்கப் உயரத்தை ஒருமுறைகூடத் திருகிப் பார்க்காதவனுக்கு எதற்குப் பித்தளை? தந்தியை மாற்று, பின்னாலுள்ள ஸ்பிரிங்கைச் சரிபார், அப்புறம் கேள் என்றேன். முறைத்தான். முறைக்கட்டும், பணம் என் பென்ஷனிலிருந்துதானே போகவேண்டும்!