சாக்கடைக்கும் ஓர் ஓட்டு வேண்டும்

நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். சட்டமன்றத்துக்கும் போடுகிறோம். ஆனால் வாசலில் நாறும் சாக்கடைக்கும், எரியாத தெருவிளக்குக்கும், அள்ளாத குப்பைக்கும் பதில் சொல்ல வேண்டிய மன்றத்துக்கு மட்டும் நம்மிடம் ஓட்டு இல்லை. சிரம்பான், போர்ட்டிக்சன், ஜெம்போல், ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெலுபு எதுவானாலும் சரி, அங்கே உட்காரும் உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு.

எப்போதும் இப்படித்தானா? இல்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. நாட்டின் முதல் பொதுத் தேர்தல் 1955-ல்தான் வந்தது. ஆக, ஓட்டுப் பெட்டி முதலில் வந்தது ஊராட்சிக்குத்தான்! 1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி இந்தத் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அமைதி வந்ததும் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். 1966-ல் மோதல் ஓய்ந்தது. தேர்தல் திரும்பவில்லை.

ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். மன்றங்களில் நடந்த கோளாறுகளையெல்லாம் அலசிப் பார்த்த அந்தக் குழு, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும் என்று 1968-ல் அறிக்கை தந்தது. வீட்டில் எலி புகுந்தால் எலியைப் பிடிக்கணும், வீட்டைக் கொளுத்தக் கூடாது. ஆனால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முழுக்குப் போட்டது.

இதில் தோட்டப் பாட்டாளிக்கு நேர்ந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊராட்சிக்கு ஓட்டு இருந்த நாளில் நம் லயங்களில் பெரும்பாலானவை மன்ற எல்லைக்கு வெளியே இருந்தன. தோட்டம் தனியார் நிலம். தண்ணீர்க் குழாய் முதல் சுடுகாடு வரை துரை வைத்ததே சட்டம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்ம சனங்க சிரம்பானிலும் நீலாயிலும் பகாவிலும் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தாங்க. எல்லைக்குள் வந்துவிட்டோம், மதிப்பீட்டு வரியும் கட்டுகிறோம். ஆனால் ஓட்டு போய்விட்டது. ஓட்டு இருந்தபோது நாம் வெளியே, நாம் உள்ளே வந்தபோது ஓட்டு வெளியே!

அந்தத் துரைமார் பிறந்த நாட்டைப் பாருங்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இங்கிலாந்தின் பண்ணைக் கூலியாள்கூட தன் மாவட்ட மன்றத்துக்கு ஓட்டுப் போட்டான். 1919-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின்படி அந்த மன்றங்கள்தான் தொழிலாளிக்கு வீடு கட்டின. 1921-ல் லண்டன் பாப்லர் வட்டாரத்தில், வேலையில்லாத ஏழைகளின் பாரத்தை ஏழை வட்டாரமே சுமப்பதா என்று கேட்டு, ஜார்ஜ் லேன்ஸ்பரி தலைமையில் 30 மன்ற உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள். பணக்கார வட்டாரங்களும் பங்கு கொடுக்கும்படி அதே ஆண்டில் சட்டம் மாறியது. ஓட்டுப் போட்டவனுக்காகத்தான் அவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். நியமனம் பெற்றவன் போவானா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பதவி தந்தவரைத்தானே அவன் நினைப்பான்!

தேர்தல் வந்தால் இனச் சண்டை வரும் என்று சிலர் பயம் காட்டுகிறார்கள். ஜெம்போலில் கம்பத்து மலாய்க்காரர், பெல்டா குடியேற்றக்காரர், சீனர், நம்மவர் எல்லாரும்தான் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் நாலு பேர் வீட்டிலும்தான் தண்ணீர் ஏறுது. அந்த நாலு பேரையும் ஒரே கேள்வி கேட்க வைப்பது இனச் சண்டையா? நியமனத்தில் நம் கட்சிக்கும் ஒரு நாற்காலி கிடைக்குதே என்பார் சிலர். அந்த நாற்காலி கட்சிக்குக் கிடைத்தது, நமக்கல்ல.

நமக்கு ஓட்டு புதிதில்லை. 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கிளைச் செயலவையைக் கைதூக்கியும் சீட்டுப் போட்டும் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் நாம். சரியில்லாதவரை அடுத்த தடவை மாற்றவும் நமக்குத் தெரியும்.

தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மன்றம் தீர்மானம் போட்டுக் கதவைச் சாத்தினாலொழிய, அதன் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. நாலு பேராகப் போய் உட்காருவோம். நம் பகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று கேட்டு எழுதி வைப்போம். சட்டமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், ஊராட்சித் தேர்தலுக்கு நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா என்று நேராகக் கேட்போம். மழுப்பினால் விடக் கூடாது. வரி கட்டுகிற கைக்கு ஓட்டும் வேண்டும்.