என் பால்யம் சிட்காம் இல்லீங்க

முதலில் ஒரு டிஸ்கி. இது கொசுவத்தி சுத்துற பதிவு மாதிரிதான் ஆரம்பிக்கும். நம்பி உள்ளே வராதீங்க, பாதியில் சண்டைக்குப் போய்விடும். :-)

போன வாரம் எங்கள் காட்சித் தொடர்பியல் வகுப்பில் 'லீவ் இட் டு பீவர்' என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் போட்டுக் காட்டினார்கள். 1957 முதல் 1963 வரை ஓடிய குடும்ப சிட்காம். 1961-ல் வந்த ஒரு எபிசோடில், விளம்பரப் பலகை மேலே ராட்சத சைஸில் ஒரு சூப் கிண்ணம் இருக்கும். அதில் நிஜமாகவே சூப் இருக்கிறதா என்று பார்க்க ஏறிய பீவர் கிண்ணத்துக்குள் மாட்டிக்கொள்வான். ஊர் கூடும், தீயணைப்பு வண்டி வரும், பையனை இறக்குவார்கள். கடைசியில் அப்பா நாலு நல்ல வார்த்தை சொல்லுவார். சுபம்.

படம் முடிந்ததும் "உங்க சின்ன வயசுல நடந்த இந்த மாதிரி கூத்து ஏதாவது சொல்லுங்க" என்றார் பேராசிரியர். சென்னைப் பசங்களிடம் சரக்கு கம்மி. நான் போடிநாயக்கனூர்க்காரன். எழுந்து மூன்று எபிசோடு சொன்னேன்.

எபிசோடு ஒன்று. என் அம்மாச்சி போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கப் போவார். மலையிலிருந்து காய்ந்து வருகிற காயில் வெடித்தது, சொத்தை, பொடிசு என்று தனித்தனியாகப் பிரிக்கிற வேலை. சைஸ் பார்க்கச் சல்லடை உண்டு. எட்டு மில்லிமீட்டர் காய்க்குத்தான் மதிப்பு. ஐந்து வயசில் எனக்கு ஓர் ஆராய்ச்சி: சல்லடை இல்லாமல் சைஸ் பார்க்க முடியுமா? மூக்கில் விட்டுப் பார்த்தேன். எட்டு மில்லி போகவில்லை. அதை விடப் பொடிசு போய்விட்டது. ஆனால் திரும்பி வரவில்லை. அம்மாச்சி பக்கத்துக் கிழவியிடம் மூக்குப்பொடி வாங்கி இன்னொரு மூக்கில் காட்டினார். நான் போட்ட தும்மலில் காய் பறந்து தரம் பிரித்து வைத்த குவியலுக்குள்ளேயே விழுந்துவிட்டது. எந்தக் காய் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. எந்த ஊர்ப் பாயசத்தில் போய்ச் சேர்ந்ததோ!

எபிசோடு இரண்டு. டிவியில் பார்த்த ராஜா மாதிரி கிரீடம் வைக்க ஆசைப்பட்டு, சோத்துக் குண்டாவைத் தலையில் கவிழ்த்தேன். காது வரைக்கும் சுலபமாக இறங்கியது, மேலே ஏறத்தான் மறுத்தது. பக்கத்து வீட்டு மாமா அரை பாட்டில் தேங்காய் எண்ணெயை ஊற்றி உருவி எடுத்தார். ஒரு வாரம் என் தலை வழுக்குப் பாறை மாதிரி மினுங்கியது.

எபிசோடு மூன்று. இதுதான் சூப்பர் ஹிட். அம்மா விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போவார். ஏழு வயசில் ஒரு நாள் ஸ்கூலுக்கு டிமிக்கி கொடுக்க, ஜீப் பின்னால் கிடந்த சாக்குக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். முந்தல் தாண்டியது, மலை ஏறியது. போடிமெட்டுக்குப் போகிற அந்தப் பாதையில் மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. எத்தனாவது வளைவு என்று நினைவில்லை, வயிறு தாங்கவில்லை. "ஏத்தா, இங்க பாருங்கடி, சாக்கு மூட்டை வாந்தி எடுக்குது!" என்று ஒரு அத்தை கத்த, ஜீப்பே சிரித்தது.

வகுப்பும் அப்படித்தான் சிரித்தது. "மச்சி, உன் லைஃபே ஒரு சிட்காம்டா" என்றான் ஒருத்தன். "இதுதான்டா குழந்தைப் பருவம், இப்ப இருக்குற பசங்க போனை நோண்டிக்கிட்டு வீணாப் போகுதுங்க" என்றான் இன்னொருத்தன். அன்றிரவே வாட்ஸப் குரூப்பில் வழக்கமான அந்த மீம் வந்து இறங்கியது. விழுந்து எழுந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களை யாரும் பொத்தி வளர்க்கவில்லை, நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம் என்கிற வகையறா.

சரி, இப்போது சண்டை.

முதல் கேள்வி. விழுந்தவன் எழுந்த கதையை எழுந்தவன்தான் சொல்கிறான். எழுந்திருக்காதவன் எந்த குரூப்பில் மீம் போடுவான்? மூக்கில் போன அந்தக் காயை நான் வெளியே தும்மாமல் உள்ளே இழுத்திருந்தால் மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கும். அப்புறம் அது எபிசோடு இல்லை, போஸ்டர். அம்மாச்சி செய்தது வைத்தியமும் இல்லை. பொடியை உறிஞ்சினால் காயும் சேர்ந்து உள்ளே போகலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை வளர்ப்பு முறை என்று பெயர் மாற்றிப் பெருமை பேசுவதுதான் எனக்கு எரிகிறது.

இரண்டாவது. சிட்காமில் குழந்தைக்கு நடக்கிற விபத்து ஏன் சிரிப்பாக இருக்கிறது? கிண்ணம் வேடிக்கையானது என்பதாலா? இல்லை. பீவரின் அம்மா எப்போதும் வீட்டில் இருக்கிறார். அப்பா சாயந்தரம் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார். கூப்பிட்டால் தீயணைப்பு வண்டி வருகிறது. நம்ம ஊர்க் கதையும் அதுதான். சன் டிவியில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் மாமியாரும் மருமகளும் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். ஆள் இருக்கிற வீட்டில் நடப்பதால்தான் அது காமெடி. பின்னணியில் வருகிற அந்தச் சிரிப்புச் சத்தம் நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பயப்படாதே, யாரோ பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

என் மூன்று எபிசோடையும் திரும்பிப் பாருங்கள். குடோனில் அம்மாச்சி இருந்தார். குண்டாவுக்கு மாமா இருந்தார். ஜீப் நிறைய அத்தைமார் இருந்தார்கள். அதனால்தான் உங்களுக்கு அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

வகுப்பில் நான் சொல்லாத நாலாவது எபிசோடு ஒன்று இருக்கிறது.

2011. அம்மாச்சி இறந்து சில மாதம் ஆகியிருந்தது. அப்பா திருப்பூரில். எனக்கு ஒன்பது வயசு, தங்கச்சிக்கு ஐந்து. அம்மா நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, இருட்டிலேயே ஜீப்புக்குப் போய்விடுவார். எட்டரைக்குள் தங்கச்சியைக் குளிக்க வைத்து, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது என் வேலை. மார்கழிக் குளிர். மலையடிவாரக் குளிர் எப்படி இருக்கும் என்று போடிக்காரர்களுக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரில் குளிக்க மாட்டேன் என்று அழுதாள். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதித்த குண்டாவைத் துணியால் பிடித்து இறக்கினேன். கை வழுக்கியது.

அதே குண்டாதான். என் தலையில் மாட்டிய அதே குண்டா.

பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் மலையில்தான் இருப்பார்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீரை ஓட விட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பல் விளக்குகிற பேஸ்ட்டைத் தடவினேன். அப்புறம் தெருவில் நின்று கத்தினேன். யாரோ 108-க்கு போன் போட்டார்கள். அம்மாவுக்குத் தகவல் சொல்ல வழியில்லை, தோட்டத்தில் டவர் கிடையாது. சாயந்தரம் ஜீப்பை விட்டு இறங்கும்போதுதான் தெரிந்தது.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். இடது தோளிலிருந்து முழங்கை வரை தழும்பு இருக்கிறது. வீட்டில் நான் குண்டா கிரீடக் கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இப்போது சொல்லுங்கள். இதற்கு எந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் போடலாம்?

"அப்ப அம்மா வீட்டுல இருந்திருக்கணும்ல?" என்று ஒரு கூட்டம் ரெடியாக வரும், தெரியும். அய்யா, அந்த ஜீப்பில்தான் எங்கள் வீட்டு அரிசி வந்தது. நான் சாக்கு மூட்டையாகப் போய் வாந்தி எடுத்த அந்தச் சூப்பர் ஹிட் நாளில் நடந்த இன்னொரு சமாச்சாரத்தையும் வகுப்பில் சொல்லவில்லை. என்னைக் கவனித்துக்கொண்டதற்காக அம்மாவுக்கு அரை நாள் கூலி பிடித்தார்கள். ஜீப்பில் எல்லாரும் சிரித்தார்கள் என்றேன் அல்லவா, அம்மா சிரிக்கவில்லை. அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஏலச்செடியில் காய் தூரில் வரும். தரையோடு தரையாகப் படரும் சரத்திலிருந்து குனிந்து, உட்கார்ந்து, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். மழை, அட்டைக்கடி எல்லாம் இலவசம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு எங்கள் தேனி மாவட்டப் பெண்கள் தினமும் மலையேறி இறங்குகிறார்கள். பத்துப் பேர் உட்காருகிற ஜீப்பில் அதைப் போல ஒன்றரை மடங்கு ஆள். இந்த மலைப் பாதைகளில் ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி எங்களுக்குப் புதுசே இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பிற்பாடு ஏலத்தையும் சேர்த்தார்கள். ஐம்பது பெண் தொழிலாளர்களோ, அவர்களுடைய பிள்ளைகள் இருபது பேரோ இருந்தால் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தொகுப்பிலும் காப்பகம் உண்டு. ஆனால் அதெல்லாம் தோட்டத்திலேயே குடியிருப்பவரை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது. விடிகாலையில் மாநில எல்லை தாண்டிப் போய்ப் பொழுது சாய இறங்குகிற என் அம்மா எந்தக் கணக்கில் வருவார்? உழைப்பு கேரளத்தில், பிள்ளை தமிழ்நாட்டில். அம்மா ஜீப் ஏறுகிற நேரத்தில் எங்கள் தெரு அங்கன்வாடி பூட்டிக் கிடக்கும். அவர் இறங்குகிற நேரத்திலும் பூட்டித்தான் கிடக்கும்.

முடியாத காரியமா? இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் முதலில் நினைத்தது எங்கள் தெருவைத்தான். 2023-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. காலையில் அடுப்படியில் ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றன என்பதை ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டது என்பதே பெரிய விஷயம். அன்றைக்கு அது இருந்திருந்தால் ஒரு வேளைச் சோற்றுக் கவலையாவது மிச்சம். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் யார்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போடி, தேவாரம், கம்பம் பக்கம் ஜீப் கிளம்புகிற தெருக்களிலாவது ஜீப் கிளம்புகிற நேரத்துக்கு அங்கன்வாடியைத் திறந்து வையுங்கள். கூடுதலாக ஒரு ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுங்கள். தோட்டக்காரர்களும் ஏலக்காய் வியாபாரிகளும் அதில் பங்கு போடட்டும். எட்டு மில்லிக் காயின் விலையில் அதற்கு இடம் இருக்கிறது.

"அப்ப பசங்களப் பொத்திப் பொத்தித்தான் வளர்க்கணுமா?" இல்லை சாமி. கொட்டகுடி ஆற்றில் குதிக்கட்டும், மாமரத்தில் ஏறட்டும், குண்டாவையும் மாட்டிக்கொள்ளட்டும். நான் கேட்பது கத்தினால் காதில் விழுகிற தூரத்தில் ஒரு பெரிய ஆள். அவ்வளவுதான். அதற்கு 'பொத்தி வளர்ப்பது' என்று பெயர் இல்லை.

ஆர்.கே. நாராயணின் சுவாமியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'மால்குடி டேஸ்' என்று ஷங்கர் நாக் எடுத்து 80-களில் தூர்தர்ஷனில் வந்ததே, அந்தச் சுவாமி. அவனும் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடிக் காட்டில் வழி தவறுகிறான், ஒரு வண்டிக்காரர் கண்ணில் பட்டுப் பிழைக்கிறான். ஆனால் நாராயண் கணக்கை அதோடு முடித்துவிடவில்லை. சுவாமி கிரிக்கெட் மேட்சைத் தவறவிடுகிறான், உயிர் நண்பனை இழக்கிறான். சிரிக்க வைத்தவர் விலையையும் சொல்லிவிட்டுத்தான் போகிறார். நம் மீம் ஆசாமிகள் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுச் சிரிப்பை மட்டும் ஃபார்வர்டு செய்கிறார்கள். அதைப் படிக்கிற ஒருவன் நாளைக்கு அதிகாரியாகப் போய் உட்கார்ந்து, "காப்பகமா? நாங்க எல்லாம் அப்படியா வளர்ந்தோம்?" என்று ஃபைலைத் தள்ளி வைப்பான். என் பயம் அதுதான்.

என்னுடைய மூன்று கதைகளும் இனிமேல் உங்களுக்குக் கிடைக்கும். நானே சொல்லுவேன், நானே சிரிப்பேன், நல்ல கதைகள்தான். ஆனால் "உன் லைஃபே சிட்காம்" என்று யாராவது சொன்னால், நாலாவதையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

பி.கு: இதை எழுதலாமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். "எழுது. ஆனா கை வழுக்குச்சுன்னு எழுது, என்னால அழுதுச்சு அதனாலன்னு எழுதாத" என்றாள். அவள் அழுதாள் என்றும் எழுதியிருக்கிறேன். ஐந்து வயசுப் பிள்ளை குளிருக்கு அழுதது தப்பே இல்லை தாயி.