தோராயம் குற்றவாளியா?

‘கட்டமைப்பு வடிவமைப்பில் தோராயக் கணக்கு ஆபத்து, ஸ்லைப்னர் கடல்மேடை மூழ்கியதே சாட்சி’ என்கிறார்கள். சாட்சியை முழுசாக விசாரிக்க வேண்டாமா?

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் அந்தக் கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது உண்மை. அடித்தளத்தின் அறைகள் கூடும் மூலையில், தகைவைக் கணிக்கச் சுவரைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் கணக்கு வலையைப் பெருங்கண்ணிகளாகப் போட்டதால், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டது. கம்பி கட்டியதும் போதவில்லை. சுவர் உடைந்தது சுமார் 65 மீட்டர் ஆழத்தில். பின்னர் நுணுக்கமாகப் போட்ட கணக்கு சொன்னது 62 மீட்டர்.

அதுவும் தோராயம்தான்!

தோராயத்தைக் கவனமாகக் கையாளும் வழியும் உண்டு. பொறியியலாளர் லூசியன் ஷ்மிட் போன்றோர் 1970களில் வளர்த்த உகப்பாக்க முறையில், உறுப்பின் குறுக்குவெட்டுப் பரப்புக்குப் பதில் அதன் தலைகீழியை மாறியாக்குவார்கள். எளிய தாங்குசட்டங்களில் தகைவு அப்போது பிசகின்றி நேர்கோடாகும். மற்றவற்றில் தோராயத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு சுற்றுக்கும் முழுப் பகுப்பாய்வு உண்டு. ஸ்லைப்னரில் தவறியது அத்தகைய சரிபார்ப்பு.