திருடன் என்றொரு வகுப்பு

ஏலப்பாறை என்ற பெயரில் புதிர் எதுவும் இல்லை. இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் மலைச்சாலையில் இருக்கும் இந்த ஊர்ப்பக்கம் ஏலமும் உண்டு, பாறையும் உண்டு. தமிழருக்கும் மலையாளிக்கும் ஒரே மாதிரிப் புரிகிற பெயர். தேயிலை மட்டும் பெயரில் இடம் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் மலையைப் பிடித்துக்கொண்டது.

ஊருக்குப் பெயர் வைப்பது சுலபம். செய்யும் வேலையை வைத்து மனிதர்களுக்குப் பெயர் வைப்பதில்தான் வம்பு. பீர்மேட்டு மலைத் தோட்டங்களுக்கு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தபோது அவர்களோடு ஒரு பெயர் வரிசையும் ஏறி வந்தது. உச்சியில் பெரியதுரை. அவருக்குக் கீழே சின்னதுரை. அப்புறம் டீமேக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி. கடைசியில் கொழுந்து கிள்ளும் பெண். அவளுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. 'ஆள்' என்ற ஒரு சொல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள். அவள் கிள்ளும் இலைக்கு வாய்த்த கௌரவம்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. 'கொழுந்து' என்ற சொல் மலையாளத்தில் 'கொளுந்து' ஆகிப் பத்திரிகைத் தலைப்பு வரை போய்விட்டது.

இந்த வரிசையில் விசித்திரமான வாழ்க்கை வரலாறு கங்காணிக்கு உரியது. மூலச்சொல் கண்காணி. சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்வை செய்யும் பொறுப்புக்கு வழங்கிய மரியாதையான சொல். தோட்டத்தில் அவர் முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். கூட்டி வந்தவர்கள் வேலைக்கு இறங்கிய அளவுக்கு அவருக்குக் கமிஷன். முன்பணம் கடனாகி, கடன் சங்கிலியாகியது. இன்று தமிழிலும் மலையாளத்திலும் ஓர் அரசியல்வாதியை 'கங்காணி' என்று சொன்னால் அது வசவு. பதவி பெயரைக் கெடுத்ததா, பெயர் பதவியைக் காட்டிக்கொடுத்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மனிதர்களை வேலையால் வகுத்து, வகுப்புக்குப் பெயரிட்டு, பெயருக்குள் படிகள் அமைக்கும் காரியத்தை விளையாட்டாகவே செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச, பல முகப் பகடைகள் முடிவு சொல்லும். குகை, பூதம், புதையல் எல்லாம் வாய்வார்த்தையில்தான். ஆட ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரம் கையாள்பவன், மதகுரு. அடுத்த வருஷம் வந்த துணை நூலில் திருடன் சேர்ந்தான்.

ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் படிக்கொரு பட்டம் வைத்தார்கள். அதில் சிரிப்புக்கும் குறைவில்லை. சண்டைக்காரரில் இப்போதுதான் வாளைத் தொட்ட கற்றுக்குட்டிக்குப் பட்டம் 'பழுத்த அனுபவசாலி'. மதகுரு வரிசையில் கிராமப் பாதிரி, பிஷப் என்று கிறிஸ்தவ முறையில் ஏறிக்கொண்டே போய், பிஷப்புக்கு மேல் படியில் திடீரென்று திபெத்திய லாமா வந்து உட்காருவார். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்தப் படிப்பட்டங்கள் போய்விட்டன. அதற்குப் பதில் சிறப்புப் பிரிவுகள் பெருகின. மந்திரவாதி என்றால் போதாது. மாயத்தோற்றம் காட்டுபவனா, குறி சொல்பவனா, செத்தவர்களை எழுப்புபவனா என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பெயர்களைத் தமிழில் வைக்க உட்காருகிறவர் முதல் சொல்லிலேயே தடுக்கி விழுவார். 'கிளாஸ்' என்பதற்கு வகுப்பு என்றுதான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் வகுப்பு என்றால் பள்ளிக்கூட அறை. இல்லாவிட்டால் சாதி, மதம். நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி உத்தரவின் வகுப்பு, வகுப்புக் கலவரத்தின் வகுப்பு. சரி, தாண்டிப் போகலாம் என்றால் சண்டைக்காரன் வழிமறிப்பான். அகராதி தரும் நல்ல சொல் மறவன். அது ஒரு சாதியின் பெயர். பாட்டுப் பாடிப் படையை உற்சாகப்படுத்தும் வகுப்புக்குப் பாணன் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதுவும் குலப்பெயர். மதகுருவைப் பூசாரி என்பதா, குருக்கள் என்பதா, பாதிரியார் என்பதா? மூன்றும் மூன்று வெவ்வேறு தெருக்களில் வசிக்கின்றன. நாகரிகமற்ற காட்டு வீரன் என்றொரு வகுப்பு இருக்கிறது. அவனுக்குக் காட்டுவாசி என்று பெயர் வைத்துவிட்டு ஏலப்பாறைப் பக்கம் போக முடியாது. மன்னான்களும் ஊராளிகளும் மலை அரையர்களும் வாழும் மாவட்டம் அது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானவன் திருடன். ஆங்கிலத்தில் அவன் வெறும் பூட்டுத் திறப்பவன். சுவர் ஏறுவான், நிழலில் மறைவான். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அவன் பெயரையே மாற்றி, போக்கிரி என்று பொருள்படும் சொல்லைப் போட்டது. அந்த வித்தையெல்லாம் தெரிந்தவன் திருடித்தான் ஆக வேண்டும் என்று என்ன இருக்கிறது? மேஜை விளையாட்டில் பெயர் மாற்ற ஒரு புதிய பதிப்பு போதும்.

மேஜைக்கு வெளியே அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1871-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே திருடன் என்ற வகுப்பு சட்டப் புத்தகத்தில் ஏறியது. பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் ஆஜர் ஆனார்கள். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி இந்தப் பதிவை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

1947-ல் சென்னை மாகாணமும் 1952-ல் இந்திய அரசும் சட்டத்தை விலக்கின. அப்புறம் ஒரு புதுப் பெயர் தேவைப்பட்டது. தமிழில் 'சீர்மரபினர்' என்று வைத்தார்கள். அழகான சொல், கூடவே கொஞ்சம் சங்கடமான சொல். 'இனி சீரானவர்கள்' என்று சொல்லும்போது முன்பு எப்படி இருந்தார்கள் என்ற பழைய குற்றச்சாட்டும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தகராறு வேறு விதம். சீர்மரபுப் 'பழங்குடிகள்' என்று இருந்ததை 1979-ல் தமிழக அரசு சீர்மரபுச் 'சமூகங்கள்' என்று மாற்றியது. ஒரு சொல்தான். மத்திய அரசின் பட்டியலில் இருந்த சொல் பழங்குடி என்பதால், அந்த ஒரு சொல்லுக்காகப் பல ஆண்டுகள் மனுக்களும் மறியல்களும் நடந்தன. 2019-ல் அரசு இரட்டைச் சான்றிதழ் முறைக்கு வந்தது: மாநிலத்துக்குச் சமூகம், மத்திய அரசுக்குப் பழங்குடி. ஒரே ஆளுக்கு இரண்டு வகுப்பு. விளையாட்டுக்காரர்கள் இதை 'மல்டி கிளாஸ்' என்பார்கள்.

தமிழில் இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. புறத்திணை இலக்கணம் படித்தவர்களுக்கு அது பாடம். பகைவரின் ஆநிரை கவரப் போகிறவன் வெட்சிப் பூ சூடுகிறான். மீட்கப் போகிறவன் கரந்தை. படையெடுத்துப் போகிறவன் வஞ்சி, எதிர்த்து நிற்பவன் காஞ்சி. கோட்டையை வளைப்பவன் உழிஞை, உள்ளிருந்து காப்பவன் நொச்சி. நேருக்கு நேர் மோதும்போது இரு பக்கத்தாரும் தும்பை. வென்றால் வாகை. மாடு திருடுகிறவனுக்கும் மதிப்பான பெயர் இருந்தது என்பது ஒரு பக்கம். அந்தப் பெயர் ஆளின் மேல் ஒட்டவில்லை, காரியத்தின் மேல் நின்றது என்பதுதான் விசேஷம். போன மாதம் வெட்சி சூடியவன் தன் ஊர் மாடு பறிபோனால் இந்த மாதம் கரந்தை சூடலாம். பூ வாடியதும் பெயரும் உதிர்ந்துவிடும்.

இதிலும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தம் உண்டு. தொல்காப்பியர் கவர்வதையும் மீட்பதையும் வெட்சிக்குள்ளேயே அடக்கினார். பின்னால் புறப்பொருள் வெண்பாமாலை எழுதிய ஐயனாரிதனார் கரந்தையைத் தனித் திணையாகப் பிரித்தார். விளையாட்டின் பாஷையில் சொன்னால், பழைய பதிப்பின் சிறப்புப் பிரிவு புதிய பதிப்பில் தனி வகுப்பாகியது. ஏனாதி, காவிதி, எட்டி என்று அரசர்கள் தந்த பட்டங்களும் மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கும். பிறப்பால் வரும் பெயர்கள் அந்தக் காலத்தில் இல்லை என்று சொல்ல வரவில்லை. பாணரும் துடியரும் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் கைவசம் இரண்டு முறைகள் இருந்தன. நாம் பிடித்துக்கொண்டது ஒன்றை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரர்களுக்கும் பிறப்புச் சிக்கல் தெரிந்திருக்கிறது. குள்ளர், வனதேவர் போன்ற பிறவிப் பிரிவுகளுக்கு அவர்கள் வைத்திருந்த 'இனம்' என்ற சொல்லை 2024-ல் திருத்திய பதிப்பில் எடுத்துவிட்டு, உயிரியலில் வழங்கும் 'சிற்றினம்' என்ற சொல்லைப் போட்டார்கள். இதனால் குள்ளருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம்.

பெயரால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று இடுக்கித் தோட்டங்களில் கேட்டால் கணக்கோடு பதில் வரும். பட்டியல் சாதிகளை அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950-ல் வந்தது. மாநிலவாரியான ஆணை அது. தமிழ்நாட்டில் பட்டியலில் இருக்கும் குடும்பம் மலை ஏறி வந்துவிட்டால், 1950-க்கு முன்பே வந்ததாகக் காட்டினால்தான் கேரளத்தில் அந்தப் பெயர் செல்லும். தோட்டத்தின் பழைய பதிவேடுகளில் முப்பாட்டனின் பெயரைத் தேட வேண்டும். தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை, அவர் கேரளத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. எம்.எல்.ஏ.வுக்கே தன் வகுப்பின் பெயரை நிரூபிக்க டில்லி வரை போக வேண்டியிருந்தது.

இதே மாவட்டத்தில் 2015 செப்டம்பரில் ஒரு பெயர் கீழேயிருந்து முளைத்தது. மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவிகித போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆண்களே தலைமை வகித்த தொழிற்சங்கங்களைக் கிட்டே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். தமிழ்ப் பண்டிதர் புருவம் உயர்த்துவார். ஆயிரக்கணக்கானோர் கூடிய இடத்தில் ஒருமை எப்படி வரும், பன்மை அல்லவா என்று. மலையாளக் காதுக்கு அது ஒற்றுமை. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசுகிற பெண்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்ட பெயர். துரையும் வைக்கவில்லை, கங்காணியும் வைக்கவில்லை. போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவிகிதம் வந்தது. கூலி பற்றிய பேச்சு அக்டோபர் வரை இழுத்தது. 232 ரூபாய் 301 ஆயிற்று. அவர்கள் கேட்டது 500.